சோப்பு வாங்குவது யார் பொறுப்பு?

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களே, வணக்கம்.

பள்ளிக் கழிப்பறை விஷயத்தில் நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் அதற்கு ஓராண்டுக் கெடு வைத்தார். லட்சக்கணக்கில் கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிக்கொடுத்தவற்றை, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி நேரில் ஆய்வு செய்து 2020-இல் அறிக்கை வைத்தது. பார்த்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. 55 சதவீதத்தில் கை கழுவ வசதி இல்லை.

ஏன் இப்படி? கட்டடத்துக்கு ஒரு தடவை பணம் போதும். பினாயில், விளக்குமாறு, மோட்டார் ரிப்பேர், துப்புரவுப் பணியாளரின் சம்பளம், இதெல்லாம் மாதாமாதம் வேண்டும். அந்தப் பணம்தான் தாமதமாக வருகிறது, குறைவாக வருகிறது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். தாழ்ப்பாள் எட்டாது, அதனால் தோழியைக் கதவருகே காவல் நிறுத்த வேண்டும். வாளியில் தண்ணீர் இருந்தால் மக் இருக்காது. அதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும். இதற்குப் பயந்தே பல பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. அம்மாக்களே, சாயங்காலம் பையிலிருக்கும் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால் பிள்ளையிடம் கேளுங்கள்.

அப்புறம் சோப்பு. காலை உணவுத் திட்டம் வந்தபின் பிள்ளைகள் பள்ளியில் இரண்டு வேளை சாப்பிடுகிறார்கள். பிப்ரவரியில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறோம், சோப்பைப் பீரோவில் பூட்டி வைக்கிறோம். கழுவாத கை வழியாக அதே புழு திரும்ப வயிற்றுக்குள் போகும். வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள், தொலையாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பணியாளர் வரவில்லை என்று பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் சொல்லக் கூடாது. அந்த வேலை எந்தச் சாதிப் பிள்ளைகளின் தலையில் விழுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இது சட்டம் கொடுத்த அதிகாரம். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்: சோப்பு யார் வாங்குவது, மோட்டார் யார் போடுவது, பணியாளர் சம்பளம் எந்த மாதம் வரை வந்திருக்கிறது. பாக்கி இருந்தால் அந்தத் தீர்மானத்தின் நகலோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள்.