கடன் தள்ளுபடிக்குப் பிறகு என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு உதவியும் கடன் தள்ளுபடியும் வளரும் நாடுகளின் வறுமையை ஒழித்துவிடுமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்வி எங்கும் போய்ச் சேராது. அதனால் ஒரே ஒரு நாட்டின் வரவு செலவை எடுத்துவைத்துக்கொண்டு பேசுகிறேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், கடற்கரை இல்லாத நாடு, ஜாம்பியா.

1964 அக்டோபரில் ஜாம்பியா விடுதலை பெற்றபோது செம்புக்கு நல்ல விலை இருந்தது. ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு செம்பிலிருந்தே வந்தது. அந்தப் பணத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. 1970களின் நடுவில் செம்பு விலை விழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் பெட்ரோலிய விலை ஏறியிருந்தது. செம்பு விலை மீண்டும் ஏறிவிடும் என்று நம்பிக் கடன் வாங்கினார்கள். கொடுத்தவர்களும் அதே நம்பிக்கையில்தான் கொடுத்தார்கள். விலை ஏறவில்லை. வட்டிதான் ஏறியது. 1979க்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கி தன் நாட்டுப் பணவீக்கத்தை அடக்க வட்டியை உயர்த்தியபோது, டாலரில் கடன்பட்ட நாடுகள் எல்லாவற்றுக்கும் சுமை கூடியது. 1982இல் கடனைக் கட்ட முடியாது என்று மெக்சிகோ கைவிரித்தது. ஜாம்பியாவும் தடுமாறியது.

அடுத்து வந்தவை, புதுக் கடன் தர உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் விதித்த நிபந்தனைகள். மானியத்தை வெட்டு, ஆள் எடுப்பதை நிறுத்து, சேவைக்குக் கட்டணம் வாங்கு. 1990களில் சுகாதார நிலையத்துக்கு வரும் நோயாளியும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கையில் காசில்லாத கிராமத்துத் தாய் பிள்ளையின் காய்ச்சல் முற்றும்வரை வீட்டிலேயே காத்திருப்பாள். எங்கோ ஒரு தலைநகரில் கணக்கு நேராக, இங்கே ஒரு குழந்தை அந்த விலையைக் கொடுத்தது. பயிற்சி முடித்த ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தபோது, பள்ளிகளில் ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடந்தன. சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு போட்டிருந்ததுதான் காரணம்.

இந்த அநியாயத்தைப் பார்த்துப் பணக்கார நாடுகளின் சாதாரண மக்களே தெருவுக்கு வந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1998 மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பெருநாடுகளின் தலைவர்கள் கூடியபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கடனை ரத்து செய்யுங்கள் என்பது ஒன்றே அவர்களது கோரிக்கை. கடன்சுமை மிக்க ஏழை நாடுகளுக்கான திட்டம் 1996இலேயே தொடங்கியிருந்தாலும், அது விரிவடைந்ததும் வேகம் பிடித்ததும் அந்த மக்கள் குரலுக்குப் பிறகுதான். 2005இல் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் இன்னொரு பெரிய தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஜாம்பியாவின் வெளிநாட்டுக் கடன் ஏறக்குறைய 700 கோடி டாலராக இருந்தது. இந்தத் தள்ளுபடிகளால் இரண்டே ஆண்டுகளில் நூறு கோடிக்குக் கீழே இறங்கியது. 2006 ஏப்ரலில் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் கட்டணம் ரத்தானது. நோயாளிகள் வந்து குவிந்தார்கள். மருந்தும் செவிலியரும் போதவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் எதைக் காட்டியது? அத்தனை பேர் அதுவரை வைத்தியம் பார்க்காமலே இருந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டியது. கடன் தள்ளுபடியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

ஆனால் மறுவருடமே நடந்ததைப் பாருங்கள். 1979இல் விவசாயக் கருவிகள் வாங்க ருமேனியாவிடம் ஜாம்பியா கடன் வாங்கியிருந்தது. அந்தக் கடனை வசூலிக்கும் உரிமையை 1999இல் டொனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான நிறுவனம். பிறகு வட்டிக்கு வட்டி போட்டு 5.5 கோடி டாலர் கேட்டு லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2007இல் சுமார் 1.5 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. மற்றவர்கள் தள்ளுபடி செய்ததால் மிஞ்சிய பணத்தை, கடனே கொடுக்காத ஒருவர் சட்டப்படி எடுத்துக்கொண்டு போக முடிந்தது. இத்தகைய நிறுவனங்களைக் கழுகு நிதியங்கள் என்கிறார்கள். இந்த வழக்குகள் கிளப்பிய கொதிப்பில்தான் பிரிட்டன் 2010இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தள்ளுபடித் திட்டத்துக்குள் வரும் பழைய கடன்களில் இப்படி லாபம் பார்ப்பதைத் தடுத்தது. அரசுகள் பன்னாட்டுச் சந்தையில் விற்கும் கடன்பத்திரங்களில் ஏறக்குறைய பாதி நியூயார்க் சட்டத்தின் கீழ் எழுதப்படுகிறது. அங்கும் இப்படியொரு சட்டம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடன் குறைந்த நாட்டைத் தேடிக்கொண்டு கடன் கொடுக்கப் புதியவர்கள் வந்தார்கள். 2012இல் ஜாம்பியா பன்னாட்டுச் சந்தையில் 75 கோடி டாலர் கடன்பத்திரம் விற்றது. வட்டி ஐந்தரை சதவீதத்துக்கும் குறைவு. 2014இல் 100 கோடி, வட்டி எட்டரை. 2015இல் 125 கோடி. வட்டி ஒன்பதை ஒட்டி. சாலைக்கும் மின்நிலையத்துக்கும் சீன வங்கிகளிடம் வாங்கியது தனி. ஜாம்பியா அரசின் பேராசையை நான் மறைக்கவில்லை. திருப்பித் தரும் வழியை யோசிக்காமல் வாங்கினார்கள். அப்போதும் செம்புதான் நாட்டின் வருமானம். செம்பின் விலை அப்போதும் அவர்கள் கையில் இல்லை. 2020 நவம்பரில் தவணை தவறியது. பெருந்தொற்றுக் காலத்தில் கடன் தவணை தவறிய முதல் ஆப்பிரிக்க நாடு ஜாம்பியா.

தள்ளுபடி கிடைத்துப் பதினைந்தே ஆண்டுகளில் பழைய இடத்துக்கே வந்தாயிற்று. அப்படியானால் தள்ளுபடி வீணா? அப்படிச் சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். தள்ளுபடி பழைய சுமையை இறக்கியது. புதுச் சுமையை ஏற்றிய காரணங்களைத்தான் யாரும் தொடவில்லை.

அதில் ஒரு காரணத்தைச் சொல்கிறேன். 2020 மே மாதம் ஜாம்பியாவின் உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு சுரங்க நிறுவனம் தன் தொடர்புடைய வெளிநாட்டு நிறுவனத்துக்கே குறைந்த விலையில் செம்பை விற்றதாகக் கணக்குக் காட்டி லாபத்தைக் குறைத்திருந்தது என்பது வரித்துறையின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. கட்ட வேண்டிய வரி சுமார் 1.3 கோடி டாலர். கழுகு நிதியத்துக்குப் போன தொகைக்குக் கிட்டத்தட்ட ஈடு. ஒரே வழக்கில், ஒரே நிறுவனத்திடம் இவ்வளவு. முன்னாள் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி தலைமையில் அமைந்த குழு 2015இல் சொன்ன கணக்குப்படி, ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் முறைகேடாக வெளியேறும் பணம் 5,000 கோடி டாலருக்கு மேல். இந்த ஓட்டையை அடைக்காமல் உள்ளே எவ்வளவு உதவி ஊற்றினாலும் போதாது.

உதவியே கூடாது என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென்று 1980இல் அறிவிக்க முடிந்ததும், எச்ஐவி மருந்து ஏழை நாடுகளின் கோடிக்கணக்கானோருக்குக் கிடைத்ததும் வெளிநாட்டுப் பணத்தின் துணையோடுதான். ஆனால் அந்தப் பணம் யாருடைய விருப்பத்தில் வருகிறது? பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. 1970இல் தீர்மானித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அதைத் தொட்டிருக்கின்றன. தங்கள் நாட்டுக்கு வரும் அகதிகளுக்கு முதல் ஆண்டில் செய்யும் செலவையும் உதவிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2025இல் அமெரிக்க அரசு தன் உதவி முகமையையே கலைத்தபோது, அந்தப் பணத்தை நம்பியிருந்த மருத்துவமனைகள் பல நாடுகளில் ஒரே நாளில் திண்டாடின. இன்னொரு நாட்டுத் தேர்தல் முடிவை நம்பி ஒரு செவிலியருக்குச் சம்பளம் போட முடியாது.

பணம் உள்ளூரில் எப்படிச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்பதற்கு உகாண்டா ஒரு வழி காட்டியது. 1990களின் முற்பகுதியில் பள்ளிகளுக்கு ஒதுக்கிய மாணவர் நிதியில் நூற்றுக்கு 13 தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரிந்தது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு பத்திரிகையில் வெளியிட்டது. வந்த தொகையைப் பள்ளியிலேயே எழுதி ஒட்டச் சொன்னது. ஒட்டிய தாளைப் பெற்றோர் படித்தார்கள், கேள்வி கேட்டார்கள். போய்ச் சேரும் பங்கு பல மடங்கு கூடியது. கண்காணிக்க எங்கிருந்தோ நிபுணர் வரவேண்டியிருக்கவில்லை.

கடன் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று ஒரு நாடு வெளிப்படையாக ஏற்றிருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் நார்வே, தன் கப்பல் கட்டும் தளங்களைக் காப்பாற்ற, ஏழை நாடுகளுக்குக் கடனில் கப்பல்களை விற்றது. வாங்கிய நாட்டுக்கு அவை பயன்படுமா என்று சரியாகப் பார்க்கவில்லை. 2006இல், அது எங்கள் கொள்கையின் தவறு என்று சொல்லி ஐந்து நாடுகளின் கடனை நார்வே ரத்து செய்தது. தர்மம் செய்வதாக அது சொல்லவில்லை. தவறு என்ற அந்த ஒரு சொல் கடன் கொடுத்த மற்றவர்கள் வாயிலிருந்தும் வரவேண்டும்.

1953இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனைப் பேசித் தீர்த்தார்கள். ஏறக்குறைய பாதி தள்ளுபடி. மீதியை, ஏற்றுமதியில் வரும் உபரியிலிருந்து கட்டும்படி ஏற்பாடு. ஜெர்மனி சம்பாதித்தால்தான் கடன் திரும்பும் என்பதால், அதன் பொருளை வாங்குவது கடன் கொடுத்தவர்களுக்கே அவசியமாயிற்று.

ஜாம்பியாவோடு 2023இல் கடன் கொடுத்த அரசுகளும் 2024இல் கடன்பத்திரம் வாங்கியவர்களும் செய்துகொண்ட உடன்பாட்டில் வேறு விதி. நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தால் தவணை கூடும். 2024இல் கடும் வறட்சி வந்தது. மக்காச்சோளப் பயிரில் ஏறக்குறைய பாதி கருகியது, மின்சாரம் தரும் கரிபா அணையில் நீர் வற்றி நாடு இருட்டில் கிடந்தது. அப்போது தானாகத் தவணை குறைய வழி எழுதப்பட்டிருக்கவில்லை. இது ஜாம்பியாவோடு முடியவில்லை; 2023 டிசம்பரில் எத்தியோப்பியாவும் தவணை தவறியது. இனி வரும் ஒவ்வொரு உடன்பாட்டிலும் மழை பொய்த்தால், ஏற்றுமதி விலை விழுந்தால் தவணை நிற்கும் என்று எழுத வேண்டும். அதைக் கேட்டுத்தான் இன்றைக்குத் தெருவில் நிற்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.