ஒரு படம் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

"வெளிநாட்டில் குடும்பத்தோடு இருந்த அனுபவத்தைப் பற்றி 15 நிமிடம் பேசுங்கள்" என்று வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது முதலில் தயங்கினேன். வெளிநாடு போய் வந்தவர்கள் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர்கள் கொட்டாவி விடுவதை என் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் அங்கே தெரு சுத்தம், ரயில் நேரத்துக்கு வரும் என்ற கதையெல்லாம் இன்று கிடையாது. பயப்படாமல் கேளுங்கள்.

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து. எல்லைப்புறத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணவருக்கு நெதர்லாந்து நாட்டில் லெய்டன் என்ற ஊரில் வேலை கிடைத்ததால் 4 ஆண்டுகள் அங்கே இருந்தோம். மகனுக்கு அப்போது 11 வயது, மகளுக்கு 7. இரண்டாவது ஆண்டு வசந்தத்தில் என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், மூன்று மாதம் வந்து எங்களோடு தங்கினார். அங்கே வசந்தத்தையும் ஓவியங்களையும் பார்த்ததைப் பற்றி இன்று நான் சொல்லப்போவதில் பாதி அத்தையின் கதை.

நம் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். மண்டையைப் பிளக்கும் வெயிலுக்கு இவ்வளவு மென்மையான பெயரை யார் வைத்தார்களோ, நிச்சயமாகப் பாலக்காட்டுக்காரர் இல்லை. அங்கே அப்படி இல்லை. ஐந்து மாதம் வானம் அலுமினியப் பாத்திரம்போல் சாம்பல் பூத்துக் கிடக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாள் வெயில் அடித்துவிட்டால் போதும், ஊர் மொத்தமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதை நம்பவும் முடியாது. 'ஏப்ரல் தன் இஷ்டப்படி செய்யும்' என்று அவர்களுக்கு ஒரு பழமொழியே உண்டு. ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம்.

டுலிப் பூக்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். பக்கத்திலுள்ள லிசே என்ற ஊரில் கோய்கன்ஹோஃப் தோட்டம் இருக்கிறது. 32 ஹெக்டேர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகளை நடுகிறார்கள். வசந்தத்தில் 8 வாரம் மட்டுமே திறந்திருக்கும். போனோம், பார்த்தோம், அழகுதான். ஆனால் எனக்குப் பூவைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரிந்தன. நான் சொல்ல வந்தது தோட்டத்தைப் பற்றி இல்லை, தோட்டத்துக்கு வெளியே இருக்கும் வயல்களைப் பற்றி.

சேலை விரித்துக் காயப்போட்டதுபோல் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று வரப்புக்கு வரப்பு நிறம். அத்தை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு திருப்பத்தில் இயந்திரம் ஒன்று வயலுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. அது போன வழியில் பூக்களின் தலைகள் மட்டும் வெட்டப்பட்டு விழுந்தன. வயல் ஓரத்தில் இடுப்பளவு உயரத்துக்குப் பூக்குவியல், அழுகி நாற்றம் எடுக்கத் தொடங்கியிருந்தது. அத்தை இறங்கிவிட்டார்.

"இத்தனை பூவையும் எந்தச் சாமிக்கும் சாத்தாமல் குப்பையிலா கொட்டுகிறார்கள்?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் இருந்தது. கணவர் அந்த விவசாயியிடம் பேசிவிட்டு வந்து சொன்னார்: அவர்களுக்கு விளைச்சல் பூ இல்லை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. பூவை விட்டுவைத்தால் சத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும், கிழங்கு பெருக்காது. அத்தை ஒரு நிமிடம் யோசித்தார். "வாழையில் காய் திரளப் பூவை ஒடிப்பதுபோலவா? அப்படியானால் சரி." அத்துடன் விஷயம் முடிந்தது. விவசாயியைக் கேட்டு மூன்று பூ எடுத்துக்கொண்டு வந்து எங்கள் அடுக்களை முருகன் படத்துக்கு வைத்தார்.

இனி படங்களுக்கு வருகிறேன். முருகன் படம் இல்லை, ஓவியங்கள்.

முதல் ஆண்டு நாங்கள் பெரிய தவறு ஒன்று செய்தோம். பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்குக் காலை பத்து மணிக்குப் போனோம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கணவர் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு மகள் தரையில் படுத்து அழுதாள், மகன் இனி உயிர் போனாலும் படம் பார்க்க வரமாட்டேன் என்றான். நாங்கள் இருவரும் ரயிலில் பேசிக்கொள்ளவே இல்லை. அன்று பார்த்த படங்களில் ஒன்றாவது நினைவிருக்கிறதா என்று கேட்டால், எனக்கு நினைவிருப்பது கழிவறைக்குப் போகும் வழி மட்டும்தான்.

அடுத்த வசந்தத்தில் அத்தையிடம் இதைச் சொன்னேன். "கல்யாணப் பந்தியில் இலையில் வைத்த அத்தனையையும் ஒன்றாகப் பிசைந்து தின்றால் எதன் ருசி நாக்கில் நிற்கும்? ஒரு நாளைக்கு ஒன்று பாருங்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து சோறு தின்னுங்கள்" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு படம். கணவரும் ஒத்துக்கொண்டார், ஏனென்றால் அங்கே ஓர் ஆண்டு அட்டை உண்டு. ஒருமுறை பணம் கட்டினால் 400-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். அட்டை கையில் இருப்பவன் கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்க்க மாட்டான். நேயர்களே, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு படம்.

அத்தையோடு போய்ப் பார்த்த முதல் படம் ஒரு குருவி. தி ஹேக் நகரத்தில் மொரிட்சௌஸ் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய மாளிகை. முத்துக் கம்மல் அணிந்த பெண்ணின் ஓவியத்துக்காக உலகமே அங்கே வருகிறது. அவள் முன்னால் திருவிழாக் கூட்டம். மகள் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் வேறு சுவரைப் பார்த்து நின்றாள். அங்கே இருந்தது அந்தக் குருவி. அளவில் மிகச் சிறியது, பள்ளி நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். வெள்ளையடித்த வெறும் சுவர். அதில் ஒரு தீனிப் பெட்டி, பெட்டியைச் சுற்றிக் கம்பி வளையம், வளையத்தின்மேல் முகம் சிவந்த ஒரு சின்னக் குருவி. இறக்கையில் ஒரே இழுப்பாக மஞ்சள். கிட்டே போனால் வெறும் தூரிகைத் தடம், நான்கடி பின்னால் வந்தால் குருவி மூச்சு விடுகிறது. இந்தப் பின்னால் வருவதும் முன்னால் போவதும் மகளுக்கு விளையாட்டாகிவிட்டது. பத்துமுறை போய் வந்த பிறகுதான் கேட்டாள்: "அம்மா, காலில் என்ன?"

சங்கிலி. நூல்போல மெல்லிய சங்கிலி, குருவியின் காலிலிருந்து கம்பி வளையத்துக்கு. அதுவரை என் கண்ணில் அது படவே இல்லை.

அந்தக் குருவிக்கு டச்சு மொழியில் வைத்திருக்கும் பெயருக்கே தண்ணீர் இறைப்பது என்று பொருள் வரும். அந்தக் காலத்தில் வீடுகளில் இந்தக் குருவியை வளர்ப்பார்கள். விரல் நுனியில் மாட்டும் தையல் கவசம் அளவுக்கு ஒரு வாளி, அதற்கு ஒரு சங்கிலி. குருவி அலகால் சங்கிலியை இழுத்து இழுத்துத் தனக்கான தண்ணீரைத் தானே இறைத்துக் குடிக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். இதை நான் தமிழில் சொன்னதும் அத்தை, "அட பாவமே, குருவிக்கும் கவலையா?" என்றார்.

இளைய நேயர்களுக்காக: நம் பக்கத்தில் கவலை என்றால் மனக்கவலை மட்டும் இல்லை, மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் முறைக்கும் அதுதான் பெயர். அத்தையின் அப்பா விடியும் முன்னே கவலை ஓட்டப் போவாராம். மாடு பின்வாங்கும், தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும், மாடு முன்னே போகும், தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பெஞ்சில் உட்கார்ந்து அத்தை இதைப் பேத்திக்குச் சொன்னார், கையால் கயிறு இழுத்துக் காட்டினார், மாட்டை அதட்டும் சத்தம்கூடப் போட்டார். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "நம் ஊர்ச் சந்தையில் கிளி ஜோசியக்காரர் இருந்தாரே அப்பத்தா, அந்தக் கிளியும் இப்படித்தானே?" என்றாள் மகள். பிறகு பேச்சு கிளிக்குப் போய்விட்டது. முக்கால் மணி நேரம், ஒரே படம். யாரும் அழவில்லை.

அந்தக் குருவியை வரைந்தவர் கேரல் ஃபபிரிட்சியஸ். பெரும் ஓவியர் ரெம்பிராண்டிடம் பயின்றவர், டெல்ஃப்ட் நகரத்தில் இருந்தவர். படத்தில் அவர் கையெழுத்தோடு 1654 என்று ஆண்டும் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி டெல்ஃப்டின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது. இவரும் இறந்தார், வயது 32. அவருடைய ஓவியங்களில் மிஞ்சியவை ஒரு டஜன் அளவுதான். இதைக் கேட்டதும் மகன், அதுவரை தூணில் சாய்ந்து சலித்துக்கொண்டு நின்றவன், குருவியின் அருகே போய் நெடுநேரம் நின்றான்.

ஏப்ரல் 27 அங்கே மன்னர் பிறந்தநாள் விழா. குழந்தைகள் தெருவில் விரிப்பு போட்டுத் தங்கள் பழைய பொம்மை, புத்தகங்களை விற்பார்கள். மகள் அங்கே 50 சென்ட் கொடுத்து இந்தக் குருவியின் அஞ்சலட்டை ஒன்றை வாங்கினாள். கொழிஞ்சாம்பாறை வீட்டில் மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்றும் அது ஒட்டியிருக்கிறது. தீனிப் பெட்டியும் மீட்டர் பெட்டியும் ஒரே சாயல் என்பது அவள் வாதம்.

அந்த வசந்தத்தின் இரண்டாவது படத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கும் வாதுமைப் பூக்கள். தம்பிக்கு 1890 ஜனவரி 31 அன்று ஆண் குழந்தை பிறந்து, தன் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வான்கோ அந்தப் பிள்ளைக்காக வரைந்தது. நீல வானம், இலையில்லாத கிளைகள், வெள்ளைப் பூ. அப்போது அவர் மனநோய் விடுதியில் இருந்தார், அதே ஆண்டு ஜூலையில் இறந்தும்விட்டார். பிள்ளைக்குப் பெரியப்பா செய்த சீர் என்று அத்தை சொன்னார். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவராகி, குடும்பத்தில் இருந்த படங்களை விற்றுவிடாமல் காத்ததால்தான் 1973-இல் அந்த அருங்காட்சியகமே திறந்தது. சீர் வாங்கியவர் முறை செய்துவிட்டார்.

மூன்றாவது, லெய்டனிலேயே, எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில். உலகப் பண்பாடுகளுக்கான பழைய அருங்காட்சியகம் அங்கே உண்டு. அதில் ஜாவாத் தீவின் தோல் பொம்மைகள், வயாங் குலித் என்பார்கள். எருமைத் தோலில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் போட்டுச் செதுக்கியது. நீண்ட மூக்கு, மெலிந்த கை. அங்கேயும் ராமன், அங்கேயும் சீதை. நான் வியந்து நின்றபோது அத்தை சாதாரணமாகச் சொன்னார்: "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஒற்றைப்பாலம் பக்கம் பகவதி கோயிலில் ராத்திரி முழுக்க ஆட்டுவார்களே."

வெட்கமாக இருந்தது நேயர்களே. பாலக்காடு மாவட்டத்தில் பிறந்து, தமிழ் படித்து, தமிழ் ஆசிரியையாக இருந்தவள் நான். தோல்பாவைக்கூத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய அடுத்த பங்குனியில் பஸ் பிடித்துப் போனோம், இரவு. கோயிலுக்கு எதிரே கூத்துமாடம், 42 அடி நீளம். உள்ளே வரிசையாக 21 விளக்குகள், தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு. அதன் ஒளியில் திரையில் நிழல்கள். ஆட்டுகிறவரைப் புலவர் என்றுதான் அழைக்கிறார்கள், பெயருக்கு ஏற்றபடி அவர் செய்யுளைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார், வாதம் செய்கிறார். செய்யுள் கம்பனுடையது. மலையாள நாட்டுப் பகவதி கோயிலில், நள்ளிரவில், கம்பனின் தமிழ்! தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்யப் போனதால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல்போன பத்திரகாளிக்காக நடத்துவது இது என்று ஐதிகம். அதனால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆட்டம் நிற்காது. அன்று மனிதர்கள் என்று பார்த்தால் கோயில் காவலாளி, கட்டன் சாயா விற்றவர், நாங்கள் ஐந்து பேர். அப்புறம் ஒரு நாய். ஏழு நாள், இருபத்தொரு நாள், சில இடங்களில் 71 நாள்கூட நடக்கும். தையில் தொடங்கிக் கோடை வரை இதற்குப் பருவம், அதாவது அங்கே டுலிப் பூக்கும்போது இங்கே இது. இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே இரவு போங்கள், ஒரே காட்சி பாருங்கள், போதும். பாயும் போர்வையும் கொண்டு போங்கள், பனி விழும்.

கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் இன்னும் இரண்டே நிமிடம் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். லெய்டன் செப்பேடுகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன், இனி முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் கொடுத்த சாசனம் அது. பெரிய தொகுதியில் 21 ஏடுகள், 16 தமிழில், மொத்தம் 30 கிலோ அளவு. நாங்கள் இருந்த காலத்தில் அங்கே பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருந்தது. நேரில் பார்க்க வாய்க்கவில்லை, ஒளிப்படம்தான் கிடைத்தது. மகன் அதை மேசையில் விரித்து வைத்து ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தில் முதலில் ஒரு 'ட'வைக் கண்டுபிடித்தான், அப்புறம் ஒரு 'ப'. மற்ற எழுத்துகளை அடையாளம் காண அவனுக்கு எத்தனை நாள் ஆனது என்றால்... இல்லை, ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.