சரிட்டிக் கடையில் விலை அதிகமா?

(லண்டன் ஹரோவில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களுக்கும், சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கும் அக்காமார் அண்ணாமாருக்கும், பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சனம் தானமாகக் கொடுக்கும் பாவித்த சாமான்களை விற்று நற்காரியங்களுக்குக் காசு சேர்க்கும் சரிட்டிக் கடைகளில் இப்போது கொள்ளை விலை என்ற பேச்சைக் கோயில் வாசலிலும் கேட்கிறேன், பஸ் தரிப்பிடத்திலும் கேட்கிறேன். சும்மா கிடைத்த சாமானுக்கு எட்டுப் பவுண், பத்துப் பவுண் கேட்கிறார்களே, இது நியாயமா என்கிறார்கள். பல வருடங்களாக அப்படியொரு கடையின் பின்னறையில் நின்று உடுப்புத் தரம் பிரிக்கிறவள் நான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெறுமதியான பொருளை அதன் பெறுமதிக்கு விற்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பிள்ளையின் குளிர் கோட், பள்ளிச் சீருடை, போர்வை, சட்டி பானை போன்றவற்றுக்கு நாங்கள் கூடுதலாகக் கேட்கிறோம். கேட்டுவிட்டு, விற்காமல் போனதும் அதையே கிலோக் கணக்கில் கந்தலாகத் தள்ளிவிடுகிறோம். எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

இந்தக் கடைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் இன்றைய சண்டை விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் பூத்தின் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு லண்டன் வீடுகளிலிருந்து பழைய சாமான்களைச் சேகரித்து, வேலையில்லாதவர்களைக் கொண்டு திருத்தி, ஏழைகளுக்கு மலிவாக விற்றது. அது ஒரு கிளை. அங்கே உதவி பெற்றவர் கடைக்குள் வந்து வாங்கியவர்தான். மற்றக் கிளை யுத்த காலத்தில் முளைத்தது. 1942இல் நாசிகளின் பிடியில் இருந்த கிரேக்க நாட்டில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உணவு அனுப்ப வேண்டும் என்று ஒக்ஸ்போர்ட் நகரில் ஒரு குழு கூடியது. அதுதான் பிறகு ஒக்ஸ்பாம் ஆனது. யுத்தம் முடிந்தபின் அவர்கள் 17, பிராட் வீதியில் ஒரு கடை திறந்தார்கள். 1947இல் எடுத்த அந்த இடத்தில் இன்றைக்கும் ஒக்ஸ்பாம் கடை இருக்கிறது. அந்தக் கடையில் வாங்குகிறவர் உதவி பெறுகிறவர் அல்ல. அவர் கொடுக்கும் காசு எங்கோ தூரத்தில் பசித்திருக்கும் ஒருவருக்குப் போகிறது.

இன்று பிரித்தானியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சரிட்டிக் கடைகள் இருக்கின்றன. சட்டப்படி பார்த்தால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது கிளையைச் சேர்ந்தவை. இருதய நோய் ஆராய்ச்சிக்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் இறுதிக் காலத்து நோயாளிகளைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸுக்கும் காசு சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. இந்தச் சரிட்டிகளுக்குப் பொறுப்பான அறங்காவலர்களுக்கு அந்த நோக்கத்துக்கு உண்மையாக நடக்கும் கடமை இருக்கிறது. நூறு பவுண் பெறுமதியான கைப்பையை ஐந்து பவுணுக்கு விற்றால் ஹொஸ்பிஸ் படுக்கையில் இருப்பவருக்குச் சேர வேண்டியதை வீணாக்கியதாகத்தான் அர்த்தம். ஆனால் கடைக்குள் வரும் மனிதர்கள் இன்னும் முதலாவது கிளையை நினைத்துத்தான் வருகிறார்கள். 1983க்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்த எங்கள் சனத்தில் எத்தனையோ பேரின் முதல் குளிர் கோட் சரிட்டிக் கடைக் கோட்தான். இந்த மண்டபத்திலும் அப்படியானவர்கள் இருக்கிறீர்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டோம், ஆனால் அந்தக் கோட்தான் எங்களைக் காப்பாற்றியது.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். சாமான் சும்மா வருகிறது என்பது உண்மை. கடை சும்மா வருவதில்லை. வாடகை, மின்சாரம், முகாமையாளரின் சம்பளம், சாமான் ஏற்றி இறக்கும் வான், விற்க முடியாத குப்பையை அகற்றும் செலவு எல்லாம் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண் ஆனது. அதே மாதம் ஊழியருக்காகத் தொழில்தருநர் அரசுக்குக் கட்டும் தேசிய காப்புறுதி 13.8 வீதத்திலிருந்து 15 வீதமாக ஏறியது. ஓர் ஊழியரின் வருடச் சம்பளம் 9,100 பவுணைத் தாண்டினால்தான் முன்பு அது கட்ட வேண்டும். இப்போது 5,000ஐத் தாண்டினாலே கட்ட வேண்டும். சரிட்டிக் கடைகளில் அரைநேர வேலைக்காரர்தான் அதிகம், அதனால் அடி பலமாக விழுந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கும் கான்சர் ரிசேர்ச் யூகே பெருந்தொகையான கடைகளை மூடும் முடிவை அந்த வருடமே அறிவித்தது. ஆகவே காசு எல்லாம் மேலே இருக்கிறவர்களின் பைக்குள் போகிறது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எல்லாச் செலவும் போக இந்தக் கடைகள் சேர்ந்து வருடத்துக்கு 300 மில்லியன் பவுணுக்கு மேல் தத்தமது நோக்கங்களுக்குக் கொடுக்கின்றன.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டை கொண்டுவரும்போது கிப்ட் எய்ட் படிவம் நீட்டுகிறார்கள் அல்லவா? நீங்கள் வருமான வரி கட்டுகிறவராக இருந்து அதில் கையெழுத்திட்டால், உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். 10 பவுணுக்கு விற்ற பொருள் பன்னிரண்டரைப் பவுண் ஆகிறது. விலையைக் குறைத்தால் அந்தக் காற்பங்கும் குறைகிறது. தலைமை அலுவலகத்தில் இருப்பவர் விலையை இறக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை எப்படிப் போடுகிறோம் என்று பலருக்குத் தெரியாது. மூட்டையை அவிழ்த்தவுடன் முதலில் மூக்குத்தான் வேலை செய்யும். பிறகு கமக்கட்டு, கழுத்துப் பட்டி, சிப், பொக்கெட். கம்பளியில் உருண்டை கட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். தேறியதை நீராவி பிடித்து, ஹாங்கரில் போட்டு, அளவுக் கட்டை மாட்டி, பிளாஸ்டிக் ஊசித் துப்பாக்கியால் விலைச்சீட்டைக் குத்துவோம். சீட்டில் விலையோடு வாரத்தின் இலக்கமும் இருக்கும். விலை எங்கள் விருப்பத்துக்கு விட்ட விடயம் அல்ல. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும், பெண்களின் மேற்சட்டை இதற்குக் குறையக்கூடாது, ஜீன்ஸ் இதற்குக் குறையக்கூடாது என்று. முகாமையாளருக்கு ஒவ்வொரு வாரமும் எட்ட வேண்டிய தொகை ஒன்று இருக்கும்.

பிழை இங்கேதான் தொடங்குகிறது. பட்டியல் போட்டவருக்கு நல்ல கம்பனியின் கம்பளிச் சட்டையும் ஒன்றுதான், மலிவு உடுப்புக் கடையான பிரைமார்க்கில் வாங்கிப் பத்துத் தரம் தோய்த்த சட்டையும் ஒன்றுதான். புதிதாக ஐந்து பவுணுக்குக் கிடைப்பதை நாலு பவுணுக்கு ஆர் வாங்குவார்? ஒரு நாள் கல்லாவில் நின்றபோது ஊர் அம்மா ஒருவர் பேரனுக்கு ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சி, இதை ரெஸ்கோவிலை புதுசா இந்த விலைக்குத் தாறான். பாவிச்சதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு?" என்று கேட்டார். சட்டையின் கழுத்தில் ரெஸ்கோ சுப்பர்மார்க்கெட்டின் சொந்த லேபல்தான் இருந்தது. அவருக்குச் சொல்ல என்னிடம் நியாயமான பதில் ஒன்றும் இருக்கவில்லை. விலையைக் குறைக்கும் அதிகாரமும் இருக்கவில்லை. அவர் அதைத் திரும்பக் கொண்டுபோய் ஹாங்கரில் ஒழுங்காக மாட்டிவிட்டுப் போனார்.

ஈபேயையும் இதில் சேர்க்க வேண்டும். ஒரு கோப்பைத் தட்டு வந்தால் உடனே கைபேசியில் தேடுகிறார்கள். 40 பவுண் என்று ஆரோ போட்டிருப்பான், அதைப் பார்த்து 30 எழுதுகிறார்கள். 40 கேட்டவன் மூன்று வருடமாக விற்காமல் வைத்திருக்கிறான் என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. விற்று முடிந்த பொருட்களை மட்டும் காட்டும் வசதி அதே ஈபேயில் இருக்கிறது, அதில் பார்த்தால் 9 பவுணுக்குப் போயிருக்கும். அதோடு, ஈபேயில் நாடு முழுக்க வாங்க ஆள் இருக்கிறது. எங்கள் கடைக்கு அந்தத் தெருவால் நடந்து போகிறவர் மட்டும்தான்.

விடியவே வந்து அள்ளிக்கொண்டு போய் இணையத்தில் விற்கிறவர்களைத் தடுக்கத்தான் விலை ஏற்றினோம் என்று ஒரு வாதம் இருக்கிறது. நல்ல பிராண்டுக்கு அது சரி. ஆனால் பள்ளிக் காற்சட்டையை ஒருவரும் வாங்கி மறுவிற்பனை செய்வதில்லை. பாவித்த உடுப்பை விற்கும் இணையச் சந்தையான வின்டெட் வந்தபிறகு நல்ல சாமான் கடைக்கு வருவதே குறைந்துவிட்டது, விற்கிறவரிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை என்பதால் சனம் தாங்களே விற்கிறது. மிஞ்சி எங்களிடம் வருவது சாதாரண உடுப்பு. சாதாரண உடுப்புக்கு வின்டெட் காலத்து விலை போட்டால் எப்படி?

இனி நான் மிகவும் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். சீட்டில் வார இலக்கம் இருக்கும் என்றேன் அல்லவா? சில வாரங்களில் விற்காததைக் கழற்றி எடுத்துவிடுவோம். ஒரு பகுதி அதே சரிட்டியின் வேறு கடைக்குப் போகும். மிச்சம் கந்தல் பைக்குள். கந்தல் வியாபாரியின் லொறி வந்து நிறுத்துக்கொண்டு போகும். அவர் தருவது கிலோவுக்கு பென்ஸ் கணக்கில், அதுவும் இறங்கிக்கொண்டே வருகிறது. 12 பவுண் சீட்டுக் குத்திய சிறுவர் கோட், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போன தாயிடம் 4 பவுணுக்குக் கொடுத்திருந்தால் கடைக்கு 4 பவுண். கொடுக்காமல் வைத்திருந்ததால் ஒரு பவுண்கூடத் தேறவில்லை. தூரத்து ஏழைக்கும் நட்டம், பக்கத்து ஏழைக்கும் நட்டம். அறங்காவலர்களின் கடமையை வைத்துப் பார்த்தாலும் இது பிழையான கணக்கு.

அந்த மூட்டைகள் எங்கே போகின்றன? போலந்துக்கும் பாகிஸ்தானுக்கும் மேற்கு ஆபிரிக்காவுக்கும் போகின்றன. கானாவின் அக்ரா நகரத்தில் பாவித்த உடுப்பு விற்கும் கந்தமந்தோ சந்தையில் தலைச்சுமையாகப் பெண்கள் மூட்டை காவுகிறார்கள். 2025 ஜனவரித் தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி எரிந்துபோனது. கம்பளி உடுப்புகளில் ஒரு பகுதி இந்தியாவுக்கு, குஜராத்தின் கண்ட்லா வழியாக ஹரியானாவின் பானிப்பட்டுக்குப் போகிறது. அங்கே பெண்கள் நிலத்தில் இருந்து பொத்தான், சிப், லேபல் எல்லாவற்றையும் வெட்டி அகற்றுகிறார்கள். நிறம் நிறமாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, திரும்ப நூல் நூற்கிறார்கள். பழைய கம்பளியைக் கிழித்து நூற்கும் அந்தத் தொழில் 1813இல் யோர்க்ஷயரின் பாட்லி என்ற ஊரில் தொடங்கியது. அந்த நூலில் நெய்த மலிவான போர்வைகளை நிவாரண அமைப்புகள் வாங்குகின்றன, வெள்ளத்திலும் பூகம்பத்திலும் வீடிழந்தவர்களுக்குக் கொடுப்பதற்கு. அது நல்ல காரியம், கிழிந்த கம்பளிக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கிழியாத, சிப் வேலை செய்கிற, இந்த வருடமே ஒரு பிள்ளை போடக்கூடிய கோட் ஏன் அந்த இயந்திரத்துக்குள் போக வேண்டும்?

ஆர் வாங்குகிறார் என்பது எங்கள் பிரச்சினை இல்லை, காசு வந்தால் போதும் என்று ஒரு முகாமையாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அதை ஏற்கவில்லை. இந்தக் கடைகளை ஊர்தான் தாங்குகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடைக் கட்டடத்துக்காக உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்குக் கட்டும் வணிக வரியில் சரிட்டிக் கடைக்கு 80 வீதம் கட்டாயத் தள்ளுபடி. மிச்ச 20 வீதத்தையும் கவுன்சில் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். தானமாக வந்த பொருளை விற்றால் வாட் வரி பூச்சியம். பொருள் உங்களுடையது, சம்பளம் வாங்காத உழைப்பும் உங்களுடையது. பக்கத்திலேயே முழு வரியும் கட்டிக்கொண்டு சின்னக் கடை நடத்துகிற எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். இவ்வளவையும் ஊர் கொடுக்கும்போது, அந்த ஊரின் பிள்ளைகளுக்கு ஒரு மூலையை ஒதுக்கச் சொல்லிக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

என்ன செய்யலாம்? கல்லாவில் நிற்கிறவரோடு பேரம் பேசாதீர்கள். பாவம், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. முகாமையாளருக்கு எழுதுங்கள், தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். சுப்பர்மார்க்கெட் உடுப்பும் பிரைமார்க் உடுப்பும் புது விலையின் மூன்றிலொன்றைத் தாண்டக்கூடாது என்று கேளுங்கள். கந்தல் பைக்குள் போகுமுன் ஒரு வாரம், எல்லாம் ஒரு பவுண் என்று ஒரு கம்பியில் தொங்கவிடச் சொல்லுங்கள். சில கடைகள் இதைச் செய்கின்றன, அங்கே கம்பி வெறுமையாகிவிடுகிறது. உங்கள் கவுன்சிலரைக் கண்டால், அந்த 20 வீதத்தைக் கொடுக்கும்போது பிள்ளைகளின் உடுப்புக்கு மலிவு விலை என்ற நிபந்தனையோடு கொடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளிச் சீருடையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2021இல் வந்த சட்டத்தின்படி சீருடைச் செலவைப் பற்றிய அரசின் வழிகாட்டலைப் பள்ளிகள் கருத்தில் எடுத்தே ஆக வேண்டும். பாவித்த சீருடை பெற்றோருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பள்ளியும் கடையும் கைகோர்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் முகாமையாளரிடம் கேட்டிருக்கிறேன், கோடை விடுமுறையில் சீருடைக்குத் தனி ஹாங்கர் வரிசை போட அவர் சம்மதித்திருக்கிறார். பட்டியல் விலைக்குக் கீழே போட மேலிடத்து அனுமதியும் கேட்கிறார். ஜூலை கடைசியில் பள்ளி விட்டதும், பிள்ளைக்குச் சின்னதாகிப்போன பிளேசரையும் காற்சட்டையையும் தோய்த்து, பெயர் லேபலை வெட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். சப்பாத்து தேய்ந்திருந்தால் வேண்டாம். வரி கட்டாதவர்கள் கிப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், அரசு அந்தக் காசைப் பிறகு உங்களிடம் கேட்கலாம். சேலைகளும் கொண்டுவரலாம். அவற்றின் பெறுமதி எனக்குத் தெரியும், அவற்றுக்கு நல்ல விலை போடுவேன்.

நன்றி, வணக்கம்.