அந்த ‘ம்’முக்குப் பின்னால்

அனைவருக்கும் வணக்கம்.

மேடை ஏறுவதற்கு முன்னால் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். பதினாறு பேர். அதில் பதினாலு பேரையாவது அம்மாவோ அப்பாவோ இழுத்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை கண்ணுகளா, நான் பேசப்போவது பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான்.

ஐந்தாம் வகுப்பு வரை பெண்பிள்ளை செருப்பைக் கழற்றும்போதே கதையை ஆரம்பித்துவிடுவாள். யார் கீழே விழுந்தார்கள், யாருக்குப் பல் ஆடுகிறது, டீச்சர் யாரைத் திட்டினார் எல்லாம் வந்துவிடும். அதே பிள்ளை நடுநிலைப்பள்ளிக்குப் போன இரண்டாவது வாரம் கேட்டுப் பாருங்கள். “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” “ம்.” “என்ன நடந்துச்சு?” “ஒண்ணுமில்ல.” அவ்வளவுதான். அறைக்குள் போய்விடுவாள். நாம் உடனே, ‘வயசுக்குரிய திமிர்’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

இருபத்திரண்டு வருடமாக ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த ‘ம்’முக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதில் திமிர் இல்லை. சொல்வதற்கு அவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். போன வருடம் வரை அவளுக்கு ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர். அந்த டீச்சருக்கு இவள் இடது கைக்காரி என்று தெரியும், தலைவலி வந்தால் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். இந்த வருடம் ஆறேழு ஆசிரியர்கள். ஒருவருக்கு ஓரக்கோடு போட்டே ஆக வேண்டும், இன்னொருவர், “கோடு போடவா இங்க வந்த?” என்பார். ஒருவர் பாடத்தில் சிரிக்கலாம், அடுத்தவர் பாடத்தில் சிரித்தால் வெளியே நிற்க வேண்டும். மணி அடித்து மணி அடிப்பதற்குள் வேறு அறை, வேறு நோட்டு, வேறு சட்டம். நாங்கள் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும், “அரை மணி நேர வீட்டுப்பாடம்தானே” என்று கொடுக்கிறோம். ஆறு பேர் அப்படி நினைத்தால் மூன்று மணி நேரம். இந்தக் கூட்டலை நான் உட்பட எந்த ஆசிரியரும் போடுவதில்லை. கணக்கு டீச்சர் சொல்கிறேன், நம்புங்கள்.

இது போக, போன வருடம் அவள்தான் பள்ளியிலேயே பெரியவள். சின்னப் பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். இப்போது நடைபாதையில் அவளைவிட ஒரு முழம் உயரமானவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். யாரும் வேண்டுமென்று இடிப்பதில்லை, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அதுதான் இன்னும் மோசம்.

இத்தனையும் நடக்கும்போது உடம்பும் சும்மா இருப்பதில்லை. நம் பழைய உலா இலக்கியங்கள் பெண்ணின் வயதை ஏழு பருவமாகப் பிரித்தன. பேதை, பெதும்பை, மங்கை என்று வரிசை போகும். 8 முதல் 11 வரை பெதும்பை, 12, 13 மங்கை என்று ஒரு கணக்கு. எதற்காகப் பிரித்தார்கள் என்பதில் எனக்குச் சண்டை உண்டு, அதை விடுங்கள். ஆனால் கோடு போட்ட இடத்தைப் பாருங்கள். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்! மருத்துவர்களைக் கேட்டாலும், பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பெரும்பாலும் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்கிவிடும், முதல் மாதவிடாய் சராசரியாகப் பன்னிரண்டை ஒட்டி வரும் என்பார்கள். அதாவது உடம்பு மாறும் அதே வருடத்தைப் பார்த்துப் பள்ளியையும் மாற்றி வைத்திருக்கிறோம்.

இதை ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். ராபர்ட்டா சிம்மன்ஸ் என்ற சமூகவியலாளர், டேல் பிளைத் என்பவரோடு சேர்ந்து 1987இல் ஒரு நூலாக வெளியிட்டார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் இருந்தவர்கள். இன்னொரு பகுதியினர் ஏழாம் வகுப்பிலேயே பெரிய பள்ளிக்கு மாறியவர்கள். மாறிய பெண்பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றித் தங்களுக்கே இருந்த மதிப்பு சரிந்தது. மாறாமல் இருந்தவர்களுக்கு அப்படிச் சரியவில்லை. பையன்களிடமும் அந்தச் சரிவு இல்லை.

ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் நான் இன்றைக்கு உங்களிடம் கொண்டுவந்த ஒரே சரக்கு. எந்த ஒரு மாற்றமும் தனியாக வந்தால் பிள்ளை சமாளித்துவிடும். பள்ளி மாற்றம், உடம்பு மாற்றம், தோழி மாற்றம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும்போதுதான் தடுமாறுகிறது. எல்லாம் மாறினாலும் ஓர் இடமாவது மாறாமல் இருக்க வேண்டும், போய் மூச்சு விட்டுக்கொள்ள. அந்த ஓர் இடத்தை நாம் விட்டு வைத்திருக்கிறோமா?

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால். என் வகுப்பில் ஒரு பிள்ளை, ஒரே பாடவேளையில் மூன்றாவது முறையாகக் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டாள். நான் பலகையில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “இடைவேளையில என்ன பண்ணிட்டிருந்த?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். இடைவேளை ஐந்து நிமிடம், கழிவறையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கூட்டம், இவளுக்கு அது வந்து இரண்டாவது மாதம், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்பதெல்லாம் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். ஆனால் அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவள் கையைத் தூக்கவே இல்லை. சந்தேகம் கேட்கக்கூட.

மூன்று நொடிச் சிரிப்புதானே என்று நமக்குத் தோன்றும். அவளுக்கு அப்படி இல்லை. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் எழுதினார்: வளரிளம் பருவத்தில் பிள்ளைகள் தங்களைச் சுற்றி ஒரு கற்பனைப் பார்வையாளர் கூட்டத்தை உட்கார வைத்துக்கொள்கிறார்கள். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளி முழுக்க அதையே பார்ப்பதாகத் தோன்றும். இது அந்த வயதோடு முழுசாகப் போய்விடுவதும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான ஒரு பாடகர் படம் போட்ட டீ சர்ட்டைக் கொடுத்து, வேறு சில மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், “எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?” என்று கேட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

இதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், “உன்னை யாரும் பார்க்கல, சும்மா இரு” என்று சொல்லிவிடாதீர்கள். நாலில் ஒருவர் பார்க்கத்தான் செய்தார்! “பாதிப் பேர் பார்த்த மாதிரி இருக்கும், ஆனா நீ நினைக்கிறதுல பாதிதான்” என்று சொல்லுங்கள். பதினொரு வயதுக்கு முழு ஆறுதலைவிடச் சரியான கணக்கு பிடிக்கும். பொய்யான ஆறுதலை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, தோழிகளுக்கு வருவோம். உண்மையில் அந்த ‘ம்’மில் முக்கால்வாசி இதுதான் என்பது என் அனுபவம். பாடம் புரியவில்லை என்று அழுகிற பிள்ளைகளைவிட, மதியம் யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் அழுகிற பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட வந்தவள் வேறு பிரிவில் போய் விழுந்திருப்பாள். அல்லது ஒரே பிரிவில் இருந்துகொண்டே வேறு கூட்டத்துக்குப் போயிருப்பாள். சண்டை எதுவும் நடந்திருக்காது. சண்டை நடந்திருந்தால்கூடச் சமாதானம் ஆகலாம். இங்கே நடப்பது வேறு. இவள் வருவதைப் பார்த்ததும் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு பை வந்து உட்காரும். இவள் கிட்டே போனதும் பேச்சு நிற்கும். கைபேசியில் இவள் இல்லாத ஒரு குழு தொடங்கியிருக்கும், அது இவள் காதுக்கு வந்துசேரும். எதையும் டீச்சரிடம் புகாராகச் சொல்ல முடியாது. “மிஸ், அவ பையை வெச்சுட்டா” என்று சொன்னால் நான் என்ன செய்துவிட முடியும்?

ஏழாம் வகுப்பில் தொடங்கும் நட்புகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. கடைசிவரை நீடித்தவை 100க்கு 1தான். இந்த எண்ணைத் தயவுசெய்து உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள். (முன்வரிசை ஏற்கெனவே கேட்டுவிட்டது. என் தப்பு.) உங்களுக்காகத்தான் சொன்னேன். தோழி விலகிப் போனது உங்கள் பெண்ணிடம் ஏதோ குறை என்பதால் இல்லை, அந்த வயதில் நட்புகள் அப்படித்தான் இடம் மாறும் என்று நீங்கள் முதலில் நம்ப வேண்டும். நீங்கள் உள்ளுக்குள் பதறினால் அவள் அதை முகத்திலேயே படித்துவிடுவாள். அப்புறம் எதையும் சொல்ல மாட்டாள்.

இதில் பள்ளியின் பங்கும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஜாக்குலின் எக்கிள்ஸ் என்பவர் 1993இல் ஒரு கட்டுரையில் இதை உடைத்துச் சொன்னார். பிள்ளை தானாக முடிவெடுக்கத் துடிக்கும் வயதில் நாம் கட்டுப்பாட்டைக் கூட்டுகிறோம். தன்னை அடுத்தவரோடு ஒப்பிட்டுக் குமுறும் வயதில் மதிப்பெண் வரிசையைப் பெரிதாக்குகிறோம். வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவரின் நெருக்கம் தேவைப்படும் வயதில், நூற்றைம்பது பிள்ளைகளைப் பார்க்கும் என்னைப் போன்ற ஒருத்தியிடம் ஒப்படைக்கிறோம். மதிப்பெண் இறங்கினால் மட்டும் பிள்ளையைக் கேட்கிறோம்.

மருந்து ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்ன மருந்து. அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில் 11 பள்ளிகளில் 1,304 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்த சோதனை, 2019இல் வெளியானது. பழைய மாணவர்கள், ‘எங்களுக்கும் தொடக்கத்தில் பயமாகத்தான் இருந்தது, ஆசிரியர்களிடம் கேட்டோம், கொஞ்ச நாளில் பழகிவிட்டது’ என்று சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்துவிட்டுப் பிள்ளைகள் தங்கள் அனுபவத்தைச் சிறிதாக எழுத வேண்டும். வருடத் தொடக்கத்தில் இரண்டு முறை, அவ்வளவே. ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகும் சம்பவங்கள் 34 விழுக்காடு குறைந்தன. தோல்வி மதிப்பெண்கள் 18 விழுக்காடு குறைந்தன. வருகையும் கூடியது.

நீங்களும் நானும் இதையேதானே சொல்கிறோம், “எல்லாம் சரியாயிடும்” என்று? சொல்கிறோம். ஆனால் நாம் ஜெயித்து முடித்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறோம். போன வருடம்தான் அழுத ஒருத்தி சொல்லும்போது அது வேறு மாதிரிக் கேட்கிறது. என் வகுப்பிலும் செய்து பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெயர் போடாமல் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். ஒரு தாள் இப்படித் தொடங்கியது: “முதல் மாதம் மதியம் முழுக்க நூலகத்தில் இருந்தேன். எனக்குப் புத்தகம் பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் புத்தகம் பிடிக்காது.” அதைப் படித்துக் காட்டியபோது ஆறாம் வகுப்பில் மூன்று பேர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று பேருக்கும் அதுவரை தான் ஒருத்திதான் என்ற நினைப்பு.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அந்த மாறாத ஓர் இடத்தைக் காப்பாற்றுங்கள். ‘இனிமேல் படிப்பு முக்கியம்’ என்று சொல்லி, அவள் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்த நீச்சலையோ பாட்டு வகுப்பையோ இந்த வருடம் பார்த்தா நிறுத்துவது? அங்கேதான் அவளை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தம்பியோடு அறையைப் பகிர்ந்துகொள்வது, வார இறுதியில் பாட்டி வீடு, தூங்கப் போகும் நேரம் என எது வழக்கமாக இருந்ததோ அதை ஒரு வருடம் தொடாதீர்கள். தூக்கத்தை நிச்சயமாகத் தொடாதீர்கள். 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. கைபேசி வேறு அறையில் தூங்கட்டும்.

நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது, இரண்டு பேர் கண்ணும் வேறு எங்கோ இருக்கும்போதுதான் அந்த வயதில் பேச்சு வரும். வந்தால் உடனே தீர்வு சொல்லாதீர்கள். அந்தத் தோழியின் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள், தயவுசெய்து. “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு சொல் போதும். மாதவிடாய் பற்றியும் பள்ளி தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பையில் ஒரு சின்ன உறையில் வேண்டியதை வைத்துக் கொடுங்கள். அப்பாக்களுக்கும்தான் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் ‘பழகிவிடும்’ என்று விட்டுவிடவும் முடியாது. வாரக்கணக்கில் காலையில் வயிற்றுவலி, பள்ளி விடுமுறை என்றதும் அது மாயம்; தூக்கம் இல்லை; பிடித்த எதுவும் பிடிக்கவில்லை; ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற மாதிரி ஒரு பேச்சு. முதல் மூன்றுக்கும் வகுப்பாசிரியரையும் பள்ளி ஆலோசகரையும் பாருங்கள். கடைசியைக் கேட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். அங்கே வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று அமைப்பாளர் சைகை காட்டுகிறார். கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். நீங்கள் இருந்தால் முன்வரிசை ஒரு கேள்விகூடக் கேட்காது. உங்கள் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.