ஸ்டேஷன் பக்கத்தில் வீடு, காலி இடம்: வருமானத்துக்கு என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி அரக்கோணத்தில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியது. படிக்கிறேன். "ரயில்வே ஸ்டேஷனில் இருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் வீடு. பக்கத்திலேயே ஒரு கிரவுண்டு இடம் காலியாகக் கிடக்கிறது, மாடியில் ஒரு ரூமும் இருக்கிறது. வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் போதவில்லை. ஆன்லைனில் டிக்கெட் போட்டுக் கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். டிபன் கடை போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?"

முதலில் அந்த டிக்கெட் யோசனையை விட்டுவிடுங்கள் அம்மா. உங்கள் சொந்த ஐஆர்சிடிசி கணக்கில் மற்றவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, அதற்கு ஐம்பதோ நூறோ வாங்கினால் அது குற்றம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து இப்படிச் செய்தவர்களை ரயில்வே பாதுகாப்புப் படை பிடிக்கிற செய்தி அடிக்கடி வருகிறது. முறைப்படி செய்ய ஆசை என்றால் ஐஆர்சிடிசி முகவராகப் பதிவு செய்யலாம். முன்பதிவில்லா டிக்கெட் விற்க ரயில்வேயே வெளியாட்களுக்கு அனுமதி கொடுக்கும் திட்டமும் உண்டு, ஆனால் அதில் ஒரு பயணிக்குக் கிடைப்பது ஓரிரு ரூபாய்தான். நாள் முழுக்க ஓர் ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். உங்களுக்கு அது கட்டாது.

சரி, உங்களிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டேஷனில் கூட்டம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் உங்கள் தெருப் பக்கமே வர மாட்டார்கள். உங்களுக்கு முக்கியமானவர்கள் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள். தினமும் விடியற்காலையில் வந்து சென்னைக்கு வண்டி பிடித்து, ராத்திரி அதே ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள். வாடிக்கையாளர் ஒரு தடவை அமைந்துவிட்டால் மாதக் கணக்கில் வருவார். அவர்களில் நிறையப் பேர் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து பைக்கில்தான் வருகிறார்கள். அந்த பைக்கை எங்கே விடுவது என்பதுதான் அவர்களுடைய தினசரிக் கவலை.

அதனால் அந்தக் காலி இடத்தில் டூவீலர் ஸ்டாண்ட் போடுங்கள் என்பேன். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. நடுவில் வண்டி தள்ள வழி விட்டு, ஒரு வண்டிக்கு 40 சதுர அடி என்று தாராளமாகக் கணக்கு வைத்தாலும் 60 வண்டி நிற்கும். மாதத்துக்கு 300 ரூபாய் என்று 50 பேர் சேர்ந்தால் 15,000 ரூபாய். இந்த 300 நான் கணக்குக்காக வைத்தது. ஸ்டேஷனில் ரயில்வே ஏலம் விட்ட ஸ்டாண்ட் இருக்குமே, அங்கே என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து உங்கள் விலையை வையுங்கள்.

நீங்கள் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம் தள்ளி இருக்கிறீர்கள். அப்படியிருக்க பைக்கில் வருகிறவர் ஏன் உங்களிடம் வர வேண்டும்? வெயிலிலும் மழையிலும் வண்டி நனையக் கூடாது, அதனால் தகரமாவது போட்டு ஒரு கூரை வேண்டும். ஹெல்மெட் வைக்க எண் போட்ட தட்டு வேண்டும். வண்டியை இடித்து நெருக்கி அடுக்காமல், ராத்திரி வந்ததும் எடுக்கிற மாதிரி விட வேண்டும். முதல் லோக்கலுக்கு முன்னால் கேட் திறந்திருக்க வேண்டும், கடைசி வண்டி வந்த பிறகும் ஆள் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டமான வேலை. வீட்டில் இரண்டு பேராவது மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் இதில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, "வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு" என்று போர்டு எழுதி வைத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடு போன வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உங்கள் கவனக்குறைவால் போனால், இப்படி ஒரு வாசகத்தைக் காட்டிப் பொறுப்பைக் கழற்ற முடியாது. காசு வாங்கி டோக்கன் கொடுத்தால் பொறுப்பும் வந்துவிடுகிறது. அதனால் டோக்கனில் வண்டி எண்ணை எழுதுங்கள், டோக்கன் இல்லாமல் வண்டியை விடாதீர்கள், ஒரு கேமரா மாட்டுங்கள். யாரும் எடுக்காமல் பல நாள் நிற்கிற வண்டி இருந்தால் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள், அது திருட்டு வண்டியாக இருக்கலாம். தொடங்குவதற்கு முன் நகராட்சியில் தொழில் உரிமம் பற்றிக் கேளுங்கள். வீட்டு மின் இணைப்பில் இருந்து ஸ்டாண்டுக்கு லைட் போடாதீர்கள். வீட்டுக் கட்டண இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் மின்வாரியம் அபராதம் போடும். தனி இணைப்பு வாங்குங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டுக் கொடுக்க நினைத்தாலும், அதற்கு என்ன இணைப்பு வேண்டும் என்று மின்வாரியத்தில் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

அப்புறம் டிபன். காலையில் ஓடுகிற ஆள் உங்கள் கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிட மாட்டார். அவருக்குக் கையில் வாங்கிக்கொண்டு போகிற பொட்டலம்தான் வேண்டும். ஸ்டாண்டுக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லி வைத்து, நாலு இட்லி கட்டிக் கொடுத்தால் மிச்சமும் ஆகாது. என்னைக் கேட்டால் காலையைவிட மாலை நல்லது. ஏழு மணி வண்டியில் இறங்கும் பெண்கள் வீட்டுக்குப் போய்த்தான் சமைக்க வேண்டும். அவர்களுக்கு இட்லி மாவு, ஆய்ந்த கீரை, நறுக்கிய காய், ஒரு முழம் பூ. இதெல்லாம் வண்டி எடுக்கிற இடத்திலேயே கிடைத்தால் வேறெங்கும் போய் நிற்க மாட்டார்கள். உணவு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். சிறிய அளவுக்கு அது எளிய பதிவுதான். பிளாட்பாரத்துக்குள் மட்டும் கூடையோடு போய்விடாதீர்கள். அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் விற்பது அதே ரயில்வே சட்டத்தின் 144-ஆவது பிரிவில் வருகிறது, அதற்கும் சிறை உண்டு.

மாடி ரூமைப் பொறுத்தவரை, தினசரி வாடகைக்கு முன்பின் தெரியாதவர்களுக்கு விட வேண்டாம். குடும்பம் கீழே இருக்கிறது. அரக்கோணத்தில் மின்சார ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கிற எலக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கிறது, ரயில்வே ஆட்கள் நிறைய. நேரம் காலம் இல்லாமல் டியூட்டிக்குப் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் வீடு கிடைப்பது பெரிய விஷயம். மாத வாடகைக்கு அப்படி ஒருவரைப் பாருங்கள். பகலில் தூங்குவார்கள், அதற்கு வீடு கொஞ்சம் அமைதியாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். ரூமை முதலில் விடுங்கள், அதற்குச் செலவு இல்லை. அதில் வரும் முன்பணத்தைத் தொடாதீர்கள், அவர் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம் அது. ஸ்டாண்ட் கூரைக்கு வாடகைப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். அதற்குள் ஒரு வாரம் விடியற்காலையில் உங்கள் தெரு முனையில் நின்று, எத்தனை பைக் போகிறது, எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று எண்ணுங்கள். பத்து பேரிடமாவது நிறுத்திப் பேசுங்கள். எண்ணிய கணக்கை எனக்கு அனுப்புங்கள், கூரை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.