மகேஷ்வர் கோட்டைக்குள் கேட்ட தறிச் சத்தம்

வணக்கம் நண்பர்களே. பின்னால் டக் டக்கென்று ஒரு சத்தம் வருகிறதே, கேட்கிறதா? கேமராவைத் திருப்புவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் கேளுங்கள். நான் நெகமம் பக்கத்துப் பெண். தாத்தா தறிக்காரர், பாட்டி தார் சுற்றுவார், அதாவது தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் சுற்றிக் கொடுப்பார். இந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்து வளர்ந்தேன். இன்றைக்கு அதே சத்தத்தை நர்மதைக் கரையில், ஓர் அரச குடும்பத்தின் கோட்டைக்குள் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இது மகேஷ்வர். மத்தியப் பிரதேசம், கார்கோன் மாவட்டம். இந்தூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். ஹோல்கர் வம்சத்து ராணி அகில்யாபாய் இருந்து ஆண்ட ஊர். கணவர் 1754இல் போரில் இறந்தார். மாமனார் 1766இல் போனார், அடுத்த வருடமே ஒரே மகனும் போய்விட்டார். அதற்குப் பிறகு 1795 வரை தனியாக ராஜ்ஜியத்தை நடத்தியிருக்கிறார். காசி விஸ்வநாதர் கோயிலைத் திரும்பக் கட்டியவர் இவர்தான். நம் ராமேஸ்வரம் வரைக்கும் இவருடைய தர்ம காரியங்கள் நீண்டிருக்கின்றன.

இதோ, அவர் வாழ்ந்த வீடு. மரத்தூண், தாழ்வாரம், ஓட்டுக்கூரை, அவ்வளவுதான். செட்டிநாட்டில் இதைவிடப் பெரிய வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம். எனக்கு இந்த எளிமை ரொம்பப் பிடித்திருக்கிறது. இங்கே இன்றைக்கும் ஒரு வழக்கம் நடக்கிறது. தினமும் காலையில் புரோகிதர்கள் உட்கார்ந்து, களிமண்ணில் சின்னச் சின்ன லிங்கங்களாக ஆயிரக்கணக்கில் பிடித்துவைத்து, பூஜை முடிந்ததும் நர்மதையில் கரைத்துவிடுகிறார்கள். அகில்யாபாய் காலத்துப் பூஜை இது.

சரி, தறிக்கு வருவோம். ராஜ்ஜியத்துக்கு வரும் விருந்தாளிகளுக்குக் கொடுக்க ஒன்பது கஜச் சேலையும் தலைப்பாகைத் துணியும் வேண்டும் என்று அகில்யாபாய் வெளியூர் நெசவாளர்களை வரவழைத்து இங்கே குடியமர்த்தினார். அதாவது, அரண்மனைதான் வாடிக்கையாளர். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1818இல் ஹோல்கர் தலைநகர் இந்தூருக்குப் போய்விட்டது. அப்புறம் மில் துணி வந்தது. வாங்க ஆள் இல்லாமல் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கைவிரலில் அத்தனை வேலையும் இருக்கும், வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் ஊரிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி மகாராஜா இரண்டாம் யஷ்வந்த்ராவ் ஹோல்கரின் மகன் ரிச்சர்ட் ஹோல்கர். அவரும் மனைவி சாலி ஹோல்கரும் 1970களின் இறுதியில் இங்கே ரேவா சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ரேவா என்றால் நர்மதையின் இன்னொரு பெயர். தொடக்கத்தில் எட்டே தறிகள். அந்த எட்டிலும் உட்கார்ந்தது பெண்கள். இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்றால் என் பாட்டி வாழ்நாள் முழுக்க நூல் சுற்றினார், ஆனால் தறியில் உட்கார்ந்ததில்லை. சேலை தாத்தா பெயரில்தான் போகும், கூலியும் அவர் கைக்குத்தான் வரும். இந்தக் கோட்டைக்குள் ஒரு பெண் தன் கையால் நெய்து, தன் கையில் கூலி வாங்குகிறார். நெசவாளர் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்துகிறார்கள்.

பின்னாளில் சாலி ஹோல்கர் விமன்வீவ் என்ற இன்னோர் அமைப்பையும் ஆரம்பித்தார். மெல்லிய சேலை நெய்யப் பழக்கமில்லாத பெண்களும் செய்யக்கூடிய கதர்த் துணி வேலை அங்கே நடக்கிறது. இளம் நெசவாளர்களுக்கு டிசைனும் வியாபாரமும் சொல்லிக்கொடுக்கும் கைத்தறிப் பள்ளியும் இதே ஊரில் இருக்கிறது.

பல அரண்மனைகளைச் சுற்றியிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சேலை, கீழே ஒரு சீட்டு. அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்தச் சேலையை நெய்தவருடைய பேரன் இன்றைக்கு என்ன செய்கிறான் என்று அந்தச் சீட்டில் இருக்காது. இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

உள்ளே போகலாம். நெய்பவர்களின் முகத்தைப் படம் எடுக்கவில்லை, அவர்களுக்கு வேலை நேரம். துணியை மட்டும் பாருங்கள். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், பட்டு; ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், பருத்தி. அதனால்தான் பட்டின் பளபளப்பும் இருக்கிறது, உடம்புக்குக் காற்றோட்டமாகவும் இருக்கிறது. முந்தியில் ஐந்து பட்டைகள், கலரும் வெள்ளையும் மாறி மாறி வரும். இப்போது கரையைப் பாருங்கள். இது ஈட், அதாவது செங்கல். இது சட்டாய், பாய் பின்னல். இது லெஹர், நர்மதையின் அலை. இப்படியே என்னோடு வெளியே வாருங்கள்... இந்தக் கோட்டைச் சுவரைப் பாருங்கள். அதே பின்னல், அதே பூ, கல்லில்! படித்துறையில் குளிக்கப் போகும்போதெல்லாம் பார்த்த சுவரைத்தான் இவர்கள் சேலைக் கரையில் இறக்கியிருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். கோட்டையின் ஒரு பகுதியை 2000இலிருந்து தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். ரிச்சர்டும் சாலியும் சமஸ்தானச் சமையல் குறிப்புகளைத் திரட்டி 1975இலேயே புத்தகமாகப் போட்டவர்கள். அந்தச் சமையலுக்குத் தனி வீடியோ போடுகிறேன், இன்றைக்கு என் மனசு தறியில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மகேஷ்வருக்குப் பட்டு நூல் பெங்களூரிலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. பருத்தி நூல் எங்கிருந்து தெரியுமா? கோயம்புத்தூர்! எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் நூற்ற நூல், இத்தனை தூரம் வந்து நர்மதை அலையாக மாறியிருக்கிறது.

பாட்டிக்கு ஒரு சேலை எடுத்துவிட்டேன். அரக்கு நிறம், செங்கல் கரை. இந்தக் கரைக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, எப்படித் திருப்பிக் கட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும். ஊருக்குப் போனதும் அவர் மடியில் விரித்து, "எது நல்ல பக்கம், சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்கப் போகிறேன். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவித்தான் பார்ப்பார்.