ஆன்ட்டி ஜெனோவா

நேயர்களுக்கு வணக்கம்.

ஹவாய் இசை என்றதும் பலருக்கு நினைவு வருவது கடற்கரையும், சுற்றுலாப் பயணிகளுக்காகப் பாடும் இனிப்பான ஆங்கிலப் பாட்டும்தான். அந்த மக்கள் தங்கள் வீட்டு விசேஷங்களில் தங்கள் மொழியிலேயே பாடிக்கொண்ட பாட்டு வேறு. அதைப் பாடியே பேர் வாங்கிய ஒரு மூதாட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் ஜெனோவா கெயாவே. ஊரே அவரை 'ஆன்ட்டி ஜெனோவா' என்றுதான் கூப்பிட்டது.

1918 அக்டோபர் 31 அன்று ஹொனலூலுவில் பிறந்தவர். வளர்ந்தது அதே ஓவாஹு தீவின் இன்னொரு கரையில் இருக்கும் லாயியே என்ற ஊரில். அங்கே மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தேவாலயப் பாடகர் குழுவில்தான் குரல் பழகினார். சின்ன ஊர்தான், ஆனால் ஸ்டீல் கிட்டாரைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் ஜோசப் கெகூகுவும் அந்த ஊர்க்காரரே. நம் பழைய திரைப்பாடல்களில் வழுக்கிக்கொண்டே போகுமே ஹவாயன் கிட்டார், அதே கருவி.

பள்ளிக்கூடத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று 1896லேயே சட்டம் வந்துவிட்டது. வகுப்பறைக்கு வெளியே தள்ளப்பட்ட ஹவாய் மொழிக்குத் தேவாலயமும் பாட்டும்தான் ஒதுங்க இடம் கொடுத்தன. 1940களில், பார்வையற்ற இசைக்கலைஞரான ஜான் அல்மைடாவின் வானொலி நிகழ்ச்சியில் ஜெனோவா பாடினார். அப்புறம் 'ஃபார்ட்டி நைன்த் ஸ்டேட்' என்ற நிறுவனத்துக்காக இசைத்தட்டுகள். அமெரிக்காவின் 49ஆவது மாநிலம் நாங்கள்தான் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர் அது. கடைசியில் 1959இல் அலாஸ்கா முந்திக்கொண்டது, ஹவாய் 50 ஆனது! 1966இல் ஜெனோவா தன் பெயரிலேயே ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். இத்தனைக்கும் 12 பிள்ளைகளின் தாய்.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழிருந்து மேல் ஸ்தாயிக்குப் போகும்போது எல்லாருக்கும் குரல் ஓரிடத்தில் 'டக்'கென்று உடையும். அது தெரியாமல் மழுப்பத்தான் பல இசை மரபுகளில் பயிற்சி. ஹவாய்ப் பெண்களின் 'ஹாயி' என்ற பாணியில் அந்த உடைப்புதான் அழகு. ஜெனோவா அந்த இடத்தில் தயங்கவே மாட்டார், ஒரே துள்ளலில் மேலே போய் நிற்பார். 'அலிகா' என்ற பாட்டில் ஒரு உச்ச ஸ்வரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பார். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் பிடித்தார். பாட்டு முடிவதற்குள் கூட்டம் கைதட்டித் தீர்த்துவிடும்.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வித்தை அதுவல்ல. ஹவாயின் மரபு நடனமான ஹூலாவை ஆடுகிறவருக்காகப் பாடுவதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஹூலாப் பாட்டு பெரும்பாலும் இரண்டிரண்டு அடியாக வரும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாடுவார்கள். ஒரு சரணம் முடிந்ததும் வாத்தியங்கள் மட்டும் ஒரு சின்னச் சுற்று சுற்றும். அந்த இடைவெளிக்குள் ஆடுகிறவர் அடுத்த சரணத்தின் முதல் சொற்களைக் குரல் கொடுத்து எடுத்துக் கொடுப்பார், பாடகர் அதைப் பிடித்துக்கொள்வார். இதில் பாடகர் அவசரப்பட்டால் ஆடுபவரின் இடுப்பசைவு தடுமாறும், இழுத்தால் கால் சோரும். மடியில் உக்குலேலேயோடு, அதாவது நாலு தந்தி கொண்ட குட்டி கிட்டாரோடு, உட்கார்ந்து ஜெனோவா போடும் தாளம் முதல் சரணத்தில் எப்படியோ கடைசிச் சரணத்திலும் அப்படியே இருக்கும். ஆடத் தெரிந்தவர்கள் அவர் பாட்டைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை.

2000இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கான உயரிய விருதை அவருக்குக் கொடுத்தது. அதற்காக அவர் மேடையைச் சுருக்கிக்கொள்ளவில்லை. ஹொனலூலுவின் கடற்கரைப் பகுதியான வைகீகீயில் ஒரு ஹோட்டலின் மாடித் திறந்தவெளியில் வியாழக்கிழமை மாலைகளில் பாடிக்கொண்டே இருந்தார். யாராவது எழுந்து ஆட வந்தால் அவர்களுக்காகவும் ஒரு பாட்டு. 2008 பிப்ரவரி 25 அன்று, 89 வயதில் காலமானார். மகன் கேரி ஐகோவும் பேத்தி போமைகாயி லைமனும் பாடகர்கள்.

சரி, இப்போது 'அலிகா'வையே கேட்போம். அந்த நீண்ட ஸ்வரம் வந்தால் ரசியுங்கள், ஆனால் அதன் அடியில் உக்குலேலே என்ன செய்கிறது என்பதிலும் ஒரு காதை வையுங்கள்.